கணனித் திரையில் ஓடும் நெல் மில்

சென்ற பெரும்போக அறுவடைக்குச் சில வாரங்கள் முன்னர் சம்மாந்துறைப் பக்கத்து மில் முதலாளி ஒருவர் எனது கடைக்கு வந்திருந்தார். மில்லுக்கான உதிரிப்பாகங்கள் விற்பதும், கடைக்குப் பின்னாலுள்ள சிறிய வேலைத்தளத்தில் எலிவேட்டர், சல்லடை போன்றவற்றைச் செய்து கொடுப்பதும்தான் காரைதீவில் எனது தொழில். வந்தவர் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் போனை எடுத்து நீட்டினார்.

"காக்கா, இஞ்ச பாருங்க. இப்பிடி ஒண்டு செய்து தருவீங்களா?"

வெளிநாட்டுக் கம்பனியொன்றின் விளம்பர வீடியோ. பளபளவென்ற நீல நிற இயந்திரம். நெல் மணிகள் பொன் போல மேலே ஏறுகின்றன, சல்லடை ஆடுகின்றது, உமி ஒரு பக்கம் அரிசி ஒரு பக்கம் வந்து விழுகின்றது. அது உண்மையான இயந்திரத்தைப் பிடித்த படமல்ல, கணனியில் செய்த எனிமேஷன் என்பது எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், அதற்கு நான் ஏற்கனவே பணம் கொடுத்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் இதே போன்ற ஒரு வீடியோவை நம்பி ஒரு சல்லடை இயந்திரத்தை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தேன். கம்பனியின் பெயர் வேண்டாம். எவ்வளவு நஷ்டம் என்பதையும் எழுதப் போவதில்லை, இப்பத்திரிகை என் வீட்டிலும் வாசிக்கப்படுகிறது. பெட்டியைத் திறந்து பூட்டி ஓட்டிப் பார்த்தால் சல்லடை துள்ளு துள்ளென்று துள்ளி, உமியோடு சேர்த்து நெல்லையும் வெளியே எறிந்தது. வீடியோவில் அமைதியாக ஆடிய சல்லடை அல்லவா இது என்று திரும்பவும் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் ஒரு விடயம் கண்ணில் பட்டது. வீடியோவில் பெரிய கப்பி ஒரு தடவை சுற்றுவதற்குள் சல்லடை இரண்டு தடவை ஆடுகிறது. வந்திறங்கிய இயந்திரத்தில் ஆறு தடவை. படம் கீறியவருக்கும் இயந்திரம் செய்தவருக்கும் இடையில் ஒரு தொடர்பும் இருந்திருக்கவில்லை!

இந்தக் கதையை ஒரு நாள் என் தங்கையின் மகனிடம் சொன்னேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்து, கொழும்பில் விளம்பர வேலை செய்யும் இடமொன்றில் இரண்டு வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்.

"மாமா, அது கையால அசைச்ச படம். கணக்கால அசைச்சிருந்தா அப்பிடி வராது."

இக்கட்டுரை அந்த ஒரு வசனத்தின் விளக்கம்தான். இயந்திரம் விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும், அதைவிட முக்கியமாக வேலைத்தளம் வைத்துச் செய்து கொடுப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கணனியில் ஒரு பொருளை அசைப்பதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, இந்த வினாடியில் சில்லு இங்கே நிற்கட்டும், அடுத்த வினாடியில் அங்கே நிற்கட்டும் என்று ஒவ்வொரு நிலையாக நாமே வைத்துக் கொடுப்பது. இடைப்பட்ட படங்களைக் கணனி நிரப்பிக்கொள்ளும். பொம்மைப் படங்களில் மனிதரையும் மிருகத்தையும் பெரும்பாலும் இப்படித்தான் அசைக்கிறார்கள். இரண்டாவது வழியில் சில்லை நாம் தொடுவதேயில்லை. 'மோட்டாரின் சுற்று இவ்வளவு, இந்தச் சில்லின் சுற்று அதன் மூன்றில் ஒரு பங்கு' என்று சூத்திரத்தை மட்டும் எழுதிவிடுகிறோம். மோட்டாரைச் சுற்றினால் மற்றவையெல்லாம் தாமாகவே சுற்றும்.

நம்மவர்களுக்கு இதை விளங்கப்படுத்த எக்செல் கணக்குத்தாளை விடச் சிறந்த உதாரணம் இல்லை. கடைக் கணக்கில் மொத்தத் தொகையைக் கையால் டைப் செய்து வைப்பவரும் இருக்கிறார், கூட்டல் சூத்திரம் போட்டு வைப்பவரும் இருக்கிறார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நடுவில் ஒரு விலை மாறும்போதுதான் யாருடைய கணக்கு கணக்கு என்று தெரியவரும்.

மருமகன் எனது வேலைத்தளத்தில் நாங்கள் வழமையாகச் செய்யும் ஒரு சிறிய அமைப்பை எடுத்துக்கொண்டார். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று. அதில் 4 அங்குலக் கப்பி. பெல்ட் வழியாக 12 அங்குலக் கப்பிக்கு வருகிறது, எனவே மூன்றுக்கு ஒன்றாகக் குறைந்து நடுத்தண்டு 480 சுற்று. அந்தத் தண்டிலிருந்தே மையம் விலகிய சில்லொன்றின் மூலம் சல்லடை ஆடுகிறது, ஆகவே நிமிடத்துக்கு 480 ஆட்டம். அதே தண்டின் மறுமுனையில் 15 பல்லுள்ள சிறிய பற்சில்லு 90 பல்லுள்ள பெரிய பற்சில்லை ஓட்டுகிறது. ஆறுக்கு ஒன்று குறைந்து எலிவேட்டரின் மேல் கப்பி 80 சுற்று.

இவ்வளவையும் அவர் எண்ணாகவே எழுதினார். பற்சில்லில் மட்டும் ஒரு சிறிய சிக்கல் வந்தது. வேகம் சரியாக இருந்தாலும் பல்லின் மேல் பல் ஏறி நின்றது. ஒரு சில்லின் பல் மற்றதன் பள்ளத்துக்குள் விழ வேண்டுமானால், ஆரம்பத்தில் ஒன்றை அரைப் பல் அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும். 15 பல்லுள்ள சில்லில் ஒரு பல்லுக்கு 24 பாகை, அதன் அரைவாசி 12 பாகை. இதைச் சூத்திரத்தில் ஒரு தடவை சேர்த்துவிட்டால், பிறகு எத்தனை பல்லை மாற்றினாலும் அதுவாகவே பொருந்திக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்துப் பற்சில்லுகள் எதிரெதிர்த் திசையில் சுற்றும் என்பதற்காக ஒரு கழித்தல் அடையாளம். அவ்வளவுதான்.

சல்லடையில்தான் எனக்கு ஆச்சரியம். முப்பது வருடமாகச் சல்லடை செய்து கொடுக்கும் நான், அது சீரான வேகத்தில் போய் வருகிறது என்றே எண்ணியிருந்தேன். உண்மையில் அது நடுவில் வேகமாகவும் இரண்டு முனைகளிலும் மெதுவாகவும் போகிறது. சில்லின் ஆரையும் இணைப்புக் கம்பியின் நீளமும் தெரிந்தால், கம்பியின் நுனி எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்பதைப் பைதகரஸ் தேற்றத்தைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். நமது பிள்ளைகள் சாதாரண தரத்தில் பாடமாக்கிவிட்டு மறந்துபோகும் அதே தேற்றம். கையால் அசைத்த வீடியோக்களில் இந்த இடம்தான் பெரும்பாலும் பிழைக்கும். சல்லடை ஒரே வேகத்தில் போய்ச் சுவரில் முட்டியது போல டக்கென்று திரும்பும். வாசகர்கள் இனி ஏதாவது இயந்திர விளம்பரம் பார்த்தால் இதைக் கவனியுங்கள்.

அடுத்தது எலிவேட்டர் வாளிகள். மேல் கப்பியும் கீழ்க் கப்பியும் 12 அங்குலம், இரண்டு மையங்களுக்கும் இடையில் 15 அடி. பெல்ட்டின் நீளம் இரண்டு பக்கமும் 30 அடி, கப்பிகளைச் சுற்றி வருவது 3.14 அடி. மொத்தம் 33.14 அடி, அதாவது 397.7 அங்குலம். நாங்கள் வழமையாக 8 அங்குலத்துக்கு ஒரு வாளி பூட்டுவோம். வகுத்துப் பார்த்தால் 49.7 வாளி! முக்கால் வாளியை எங்கே பூட்டுவது? வேலைத்தளத்தில் நாங்கள் கடைசி வாளியைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டுச் சமாளித்துவிடுவோம். கணனி சமாளிக்கவில்லை, பெல்ட் மூட்டும் இடத்தில் ஒரு வாளி இன்னொன்றுக்குள் புகுந்து நின்றது. கடைசியில் 50 வாளி என்று வைத்து இடைவெளியை 7.95 அங்குலமாக்கினார். பெல்ட் நிமிடத்துக்கு 251 அடி ஓடுகிறது, நிமிடத்துக்கு 379 வாளி மேலே வருகிறது. ஒரு வாளி 100 கிராம் நெல் அள்ளினால் நிமிடத்துக்கு 38 கிலோ, மணிக்கு ஏறத்தாழ 2.3 தொன். படம் கீறப் போன இடத்தில் எனக்கு விலைக்கூறலுக்குத் தேவையான கணக்கும் கிடைத்துவிட்டது.

எல்லாம் முடிந்து ஓடவிட்டார். நான் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"என்ன மருமகன், பெரிய கப்பி பின்னுக்கு ஓடுது?"

அவரும் ஒரு கணம் திகைத்துத்தான் போனார். சூத்திரத்தைப் பார்த்தோம், பிழையில்லை. பிறகுதான் காரணம் பிடிபட்டது. வீடியோ என்பது வினாடிக்கு 25 நிழற்படங்கள். 480 சுற்று என்றால் வினாடிக்கு 8 சுற்று. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கப்பி 115.2 பாகை திரும்பிவிடுகிறது. எங்கள் கப்பிக்கு ஆறு ஆரைக்கால்கள், 60 பாகைக்கு ஒன்று. 120 பாகை திரும்பியிருந்தால் இரண்டு கால்கள் தாண்டி, பார்வைக்கு ஆடாமல் அசையாமல் நிற்பது போலிருக்கும். 4.8 பாகை குறைவாகத் திரும்புவதால் மெல்லப் பின்னோக்கி ஓடுவது போலத் தெரிகிறது. பழைய படங்களில் குதிரை வண்டிச் சில்லு பின்னால் சுற்றுமே, அதே விளையாட்டு. வினாடிக்கு 24 படமாக எடுத்திருந்தால் எங்கள் கப்பி நின்றேவிட்டிருக்கும்.

தீர்வு சுலபம். முழு இயந்திரத்தையும் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும். கையால் அசைத்த படமாக இருந்தால் ஒவ்வொரு பாகத்தையும் திரும்பத் தொட வேண்டிவரும். இங்கே மோட்டாரின் 1440ஐ 144 என்று மாற்றினார், மற்றதெல்லாம் விகிதம் மாறாமல் மெதுவாகின. படத்தின் கீழ் 'உண்மை வேகத்தில் பத்தில் ஒன்று' என்று எழுதும்படி நான் சொன்னேன். அது வியாபாரத்துக்கு அவசியம்.

இதையெல்லாம் அவர் செய்தது பிளெண்டர் என்னும் மென்பொருளில். அது இலவசம். இலவசம் என்றவுடன் 'கள்ளக் கொப்பி' என்று எண்ணிவிடக் கூடாது. அதன் கதை வர்த்தகர்கள் அறிய வேண்டிய கதை. நெதர்லாந்தைச் சேர்ந்த டொன் ரூசெண்டால் என்பவர் தனது ஸ்டூடியோவின் சொந்தப் பாவனைக்காக இதை உருவாக்கினார். பிறகு அதை விற்பதற்காக ஒரு கம்பனி தொடங்கி, முதலீட்டாளர்களின் பணத்தோடு ஓடி, 2002இல் கம்பனி மூடப்பட்டது. மென்பொருளின் உரிமை முதலீட்டாளர்களிடம். ஒரு இலட்சம் யூரோ தந்தால் அதைப் பொதுவுக்கு விட்டுவிடலாம் என்று அவர்களைச் சம்மதிக்க வைத்து, பாவனையாளர்களிடம் நிதி கேட்டார். ஏழு வாரத்தில் அந்தப் பணம் சேர்ந்துவிட்டது. 2002 ஒக்டோபர் 13ஆம் திகதி பிளெண்டர் எவரும் எடுக்கலாம், எவரும் திருத்தலாம் என்ற அனுமதியுடன் வெளியானது. நொடித்துப்போன ஒரு கடையின் சரக்கை வாடிக்கையாளர்களே சேர்ந்து வாங்கி ஊருக்கு வக்பு செய்தது போல என்று நான் விளங்கிக்கொண்டேன். 2025இல் சிறந்த எனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற லத்வியா நாட்டுப் படமான 'ஃப்ளோ' இதே மென்பொருளில் செய்யப்பட்டதுதான்.

நமது ஊர்களில் படம் திருத்துவதற்கும் வீடு கீறுவதற்கும் பூட்டுடைத்த மென்பொருளைப் பாவிப்பது சாதாரணமாகிவிட்டது. இத்தகைய அறிவுசார் உரிமைகள் ஷரீஅத்தின்படி பாதுகாக்கப்பட வேண்டியவை என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988இல் குவைத் அமர்விலேயே தீர்மானித்திருக்கிறது. ஹலாலான வழி இலவசமாகவே இருக்கும்போது மற்றதற்கு ஏன் போக வேண்டும்?

சூத்திரத்தால் அசைக்கும் முறைக்கென்றே பெயர்பெற்ற இன்னொரு மென்பொருள் ஹூடினி. கனடாவின் டொரொண்டோ நகரிலுள்ள சைட்எஃப்எக்ஸ் என்ற நிறுவனத்தினுடையது. 1996இல் முதலாவது பதிப்பு வந்தது. விலை கூடியது, ஆனாலும் பழகுபவர்களுக்கு ஒரு இலவசப் பதிப்பு உண்டு. அதை வியாபாரத்துக்குப் பாவிக்க அனுமதியில்லை. பிளெண்டரிலும் 2021இலிருந்து சூத்திரங்களைக் கட்டம் கட்டமாகக் கம்பியால் தொடுப்பது போலத் தொடுக்கும் வசதி வந்துவிட்டது. எங்கள் 50 வாளிகளையும் மருமகன் அந்த வசதியால்தான் பெல்ட்டில் கோர்த்தார். ஒரு வாளிதான் கீறப்பட்டது, மிகுதி 49ஐயும் கணக்கே வைத்தது.

இது சினிமா பேசும் பக்கமல்ல. ஆனாலும் தமிழில் இந்த வேலையைக் கண்ணால் கண்டவர்கள் பலர் இருப்பார்கள். 2010இல் வந்த ஷங்கரின் 'எந்திரன்' படத்தின் இறுதியில் நூற்றுக்கணக்கான இயந்திர மனிதர்கள் ஒன்றோடொன்று இணைந்து உருண்டையாகவும் பாம்பாகவும் மாறுவார்கள். சிறந்த விசேட காட்சியமைப்புக்கான இந்திய தேசிய விருது அப்படத்துக்காக ஸ்ரீனிவாஸ் மோகனுக்குக் கிடைத்தது. 2018இல் வந்த '2.0'இல் கைத்தொலைபேசிகள் கூட்டமாகப் பறந்து ஒரு பறவையாகும். இப்படிப்பட்ட கூட்டங்களை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துக் கட்டுப்படியாகாது. விதியை எழுதிவிட்டுக் கூட்டத்தை ஓடவிடுவதுதான் வழி.

இயந்திரங்களை அசைப்பதில் நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி உலமாக்கள் சொல்லியிருப்பதை மனதிற்கொண்டு எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்பத் தயங்குகிறார்கள். அத்தயக்கத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் கப்பிக்கும் பற்சில்லுக்கும் உயிரில்லை. இயந்திரம், கட்டடம், குழாய், வால்வு என்று உயிரற்ற பொருட்களை மட்டும் செய்தே ஒருவர் காலம் முழுவதும் உழைக்கலாம்.

உண்மையில் இது நமது முன்னோர்களுக்கு அந்நியமான கலையுமல்ல. துபாய்க்குப் போனவர்கள் இப்னு பதூதா மோலின் நடுவில் நிற்கும் பெரிய யானைக் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள், அதன் முன்னால் நின்று படமும் எடுத்திருப்பார்கள். அது அல்ஜஸரி என்பவர் வடிவமைத்ததன் பிரதி. இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் நகரில் அர்துகித் ஆட்சியாளர்களிடம் பணியாற்றிய அவர், 1206இல் தனது இயந்திர நூலை எழுதி முடித்தார். ஐம்பது கருவிகள், ஒவ்வொன்றுக்கும் படத்தோடு செய்முறை. அதிலே ஒரு படகு. அதற்குள் ஒரு உருளை, உருளையில் முளைகள். உருளை சுற்றும்போது முளைகள் நெம்புகளைத் தட்ட, பொம்மை இசைக்காரர்கள் கொட்டடிப்பார்கள். முளையை இடம் மாற்றி வைத்தால் தாளம் மாறிவிடும். பொம்மையின் கையை யாரும் தொடுவதில்லை, விதிதான் மாறுகிறது. மருமகன் மோட்டாரின் எண்ணை மாற்றியதும் இதுவும் ஒரே யோசனை என்றே எனக்குப் படுகிறது.

அவருக்குப் பின் 1551இல் தகியுத்தீன் எழுதிய இயந்திர நூலில் ஆறு உருளை நீர்ப்பம்பி ஒன்று இருக்கிறது. பின்னாளில் இஸ்தான்புல்லில் வானாய்வு நிலையம் அமைத்தவரும் இவரே. ஆற்று நீர் ஒரு சில்லைச் சுற்ற, அதன் நீண்ட தண்டில் ஆறு முளைகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நெம்புகளை அழுத்தி ஆறு ஆடுதண்டுகளை உயர்த்துகின்றன. ஒவ்வொரு ஆடுதண்டின் மேலும் ஈயப் பாரம். முளை விலகியதும் பாரம் கீழிறங்கித் தண்ணீரை மேலே தள்ளுகிறது. 360 பாகையை ஆறால் வகுத்தால் 60. ஒவ்வொரு முளையும் 60 பாகை தள்ளித் தள்ளி. சூத்திரம் ஒரு வரிதான், நீரோட்டம் மட்டும் விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து வரும்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இயந்திரவியல் பேராசிரியராக இருந்த சலீம் அல்ஹஸனி அவர்கள் தமது சகாக்களோடு சேர்ந்து அல்ஜஸரியினதும் தகியுத்தீனினதும் நீரிறைக்கும் கருவிகளைக் கணனியில் முப்பரிமாணமாகக் கட்டி ஓடவிட்டிருக்கிறார். பழைய கையெழுத்துப் பிரதிகளிலுள்ள படங்கள் இன்றைய பொறியியல் படங்கள் போல அளவெடுத்துக் கீறியவையல்ல. தட்டையானவை, பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எது எதோடு தொடுக்கப்பட்டிருக்கிறது என்பதில் குழப்பம் வரும். திரையில் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு தொடுப்புக்கும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அவர்கள் வடிவத்தோடு நிறுத்தாமல், கருவியின் கணிதத்தையும் எழுதி வெளியிட்டார்கள். எனது எலிவேட்டரில் முக்கால் வாளி வெளியே வந்தது போல, அவர்களுக்கும் எத்தனை இடங்களில் கணக்கு இடித்திருக்குமோ!

காரைதீவில் இருந்துகொண்டு இதை எழுதும்போது இவ்வூரில் பிறந்த விபுலானந்த அடிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. விஞ்ஞானம் படித்தவர். வழக்கொழிந்துபோன யாழை நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டு மீட்டெடுக்க முயன்று, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். பார்க்காத கருவியைக் கணக்கால் கட்டும் வேலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இனி வியாபாரத்துக்கு வருகிறேன்.

இல்லாத ஒன்றைச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு பணம் வாங்குவதற்கு பிக்ஹில் இஸ்திஸ்னா என்று பெயர். நாம் தினமும் செய்யும் வேலை இதுதான், பெயர்தான் தெரியாது. ஹனபி மத்ஹபில் இது தனி ஒப்பந்தமாக ஏற்கப்பட்டுள்ளது. நமது ஷாபிஈ மத்ஹபில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுப்பது போன்ற ஸலம் நிபந்தனைகளுக்கு உட்பட்டே பார்க்கப்படுகிறது. பிக்ஹ் அகடமி 1992இல் ஜித்தா அமர்வில், நிபந்தனைகள் நிறைவேறினால் இஸ்திஸ்னா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், பணத்தைத் தவணையாகவும் கொடுக்கலாம் என்று தீர்மானித்தது. முக்கிய நிபந்தனை, செய்யப்படும் பொருளின் இனம், வகை, அளவு, தேவையான தன்மைகள் எல்லாம் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும், முடிக்கும் காலமும் குறிக்கப்பட வேண்டும். தனிப்பட்ட விடயங்களுக்கு உங்களுக்குத் தெரிந்த ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது வேறு. நமது வேலைத்தளங்களில் 'போன தடவை செய்தது மாதிரி', 'அந்த வீடியோவில் இருக்கிற மாதிரி' என்பதுதான் ஒப்பந்தம். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

கையால் அசைத்த படத்தை வாடிக்கையாளருக்குக் காட்டினால் அது ஆசை காட்டுவது மட்டும்தான். சூத்திரத்தால் ஓடும் படத்தைக் காட்டினால், படத்துக்குப் பின்னால் கப்பியின் அங்குலமும் பல்லின் எண்ணிக்கையும் இருக்கின்றன. அந்த எண்களை அப்படியே கடதாசியில் எடுத்து இரு தரப்பும் ஒப்பமிடலாம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரத்தைக் கண்ட சம்பவம் நெல் வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலே காய்ந்ததைக் காட்டுவதற்குப் பளபளப்பான வீடியோவை விட நல்ல சாமான் இன்று வேறு இல்லை.

ஆனால் சூத்திரமும் முழு உண்மையைச் சொல்லாது. இதை நானே சோதித்தேன். எலிவேட்டரை 200 சுற்றில் ஓட்டச் சொன்னேன், திரையில் அழகாக ஓடியது. உண்மையில் 12 அங்குலக் கப்பியை அந்த வேகத்தில் ஓட்டினால் நெல் வாய்க்குள் விழாமல் மேல் மூடியில் அடித்துச் சிதறும். மிக மெதுவாக ஓட்டினால் வந்த வழியே கீழே கொட்டும். 80 சுற்றளவு என்பது எங்கள் அனுபவம், கணக்கும் அதற்குக் கிட்டத்தான் வருகிறது. நாம் சொல்லிக் கொடுத்த தொடுப்பு மட்டும்தான் கணனிக்குத் தெரியும். பாரம், தேய்மானம், பெல்ட் வழுக்குவது, மழைக்காலத்து ஈர நெல், இவற்றை அது அறியாது. படத்தை மட்டும் பார்த்து மோட்டாரின் குதிரைவலுவைத் தீர்மானிப்பவர் கஷ்டப்படுவார்.

சம்மாந்துறை முதலாளியை அந்தரத்தில் விட்டுவிட்டேன். அவரை உட்கார வைத்து மருமகனின் லெப்டொப்பில் எங்கள் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினோம். உற்றுப் பார்த்துவிட்டு, தனது நெல்லுக்குச் சல்லடை இவ்வளவு வேகம் கூடாது, 400 போதும் என்றார். அனுபவஸ்தர், சரியாகத்தான் சொன்னார். பழைய நாளாக இருந்தால் நானும் 'ஆகட்டும் ஹாஜியார்' என்று சொல்லி 12 அங்குலக் கப்பியைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றைப் போட்டிருப்பேன். மருமகன் 12ஐ 14.4 என்று மாற்றினார். சல்லடை 400க்கு இறங்கியது. கூடவே எலிவேட்டரும் 67 சுற்றுக்கு இறங்க, வாளிகள் சோம்பலாக ஏறத் தொடங்கின. மூலையில் மணிக்கு 2.3 தொன் என்று இருந்த எண் 1.9 ஆனது.

"இதென்ன, நெல் குறையுது?"

நான் பதில் சொல்வதற்குள் மருமகன் 90 பல்லுச் சில்லை 75 என்று மாற்றினார். 400ஐ ஐந்தால் வகுத்தால் 80. எலிவேட்டர் பழையபடி ஏறியது, சல்லடை 400இலேயே நின்றது. முதலாளி ஒன்றும் பேசவில்லை, போனை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார். பல்லை வெட்டிய பிறகு, இரும்பைப் பூட்டிய பிறகு, மில்லில் நெல் குவிந்து கிடக்கும்போது இது தெரியவந்திருந்தால் அந்த 75 பல்லுச் சில்லுக்கு யார் காசு கொடுப்பது என்பதை வேலைத்தளம் வைத்திருப்பவர்கள் யோசித்துக்கொள்ளட்டும். மருமகனுக்கு இந்தப் படம் செய்ய ஒன்பது இரவுகள் போனது. அடுத்த இயந்திரத்துக்கு அதே சூத்திரங்களைப் பாவித்து இரண்டு இரவில் முடித்தார்.

எண்களை எல்லாம் கடதாசியில் எழுதி, 'பெல்ட் வழுக்குவதால் சுற்று 5 வீதம் வரை குறையலாம்' என்று என் சொந்தப் பொறுப்பில் ஒரு வரியும் சேர்த்து ஒப்பமிட்டோம். அறுவடைக்கு முன்னர் இயந்திரத்தைக் கொண்டுபோய்ப் பூட்டினோம். முதலாளி எங்கிருந்தோ சுற்று அளக்கும் கருவியொன்றை இரவல் வாங்கி வைத்திருந்தார். எலிவேட்டர் தண்டில் பிடித்துப் பார்த்தார். 77.

"காக்கா, உங்கட கணனியில 80 எண்டுதானே கிடந்தது?"

கடதாசியை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். பிறகு மோட்டாரைப் பின்னுக்கு இழுத்து பெல்ட்டை இறுக்கினோம். 79 வந்தது. மிகுதி ஒன்றை அவர் கேட்கவில்லை.